ஜோவி எக்ஸ்ப்ளோரரில் மெயின்பிரேம் கோப்புகள்: வேலூர், காட்பாடிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் காலை ரயில் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகளும், பாகாயம், சத்துவாச்சாரி, குடியாத்தம் பக்கமிருந்து வரும் கடைசி வருஷ மாணவர்களும் சனிக்கிழமை வகுப்பில் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. வங்கி, இன்சூரன்ஸ் வேலைக்கு மெயின்பிரேம் எனப்படும் பெரிய கணினியைக் கவனிக்கும் டீமில் சேர்ந்தால், இப்போது பல இடங்களில் விஎஸ் கோட் எடிட்டரையும் அதற்குள் ஓடும் ஜோவி எக்ஸ்ப்ளோரரையும்தான் கையில் கொடுக்கிறார்கள். மவுஸைத் தட்டினால் கோப்பு திறக்கிறது என்றதும் விண்டோஸ் பழக்கத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். அதனால் எந்த பட்டனை அழுத்துவது என்பதைச் சுருக்கமாகவும், அழுத்தினால் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

ஜோவி எக்ஸ்ப்ளோரர் என்றால் என்ன? யார் செய்தது?

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இயங்கும் ஓபன் மெயின்பிரேம் பிராஜெக்ட் 2018 ஆகஸ்டில் ஜோவியை அறிவித்தது. ஐபிஎம், ராக்கெட் சாஃப்ட்வேர், சிஏ டெக்னாலஜிஸ் மூன்றும் சேர்ந்து தொடங்கிய வேலை. சிஏ அதே வருஷம் பிராட்காம் கைக்குப் போனது. ஓபன் சோர்ஸ், காசு கிடையாது.

அதில் ஒரு பகுதிதான் எக்ஸ்ப்ளோரர். விஎஸ் கோட்டின் எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் தேடி நிறுவினால், இடது ஓரத்தில் மூன்று பட்டியல்கள் வரும்: டேட்டாசெட்டுகள் (மெயின்பிரேமின் கோப்புகள்), யுஎஸ்எஸ் கோப்புகள் (அதற்குள் உள்ள யூனிக்ஸ் பகுதியின் கோப்புகள்), ஜாப்கள் (கணினியிடம் ஓட்டக் கொடுக்கும் வேலைகள்). உங்கள் லேப்டாப்பிலிருந்து போகும் ஒவ்வொரு கோரிக்கையும் பொதுவாக ஜெட்ஓஎஸ்எம்எஃப் என்ற சர்வர் வழியாகத்தான் மெயின்பிரேமுக்குள் நுழைகிறது. திரையில் தெரிவது படம் மட்டுமே. கோப்பு அங்கேதான் இருக்கிறது, அதன் சட்டதிட்டங்களும் அங்கேயே இருக்கின்றன.

அக்கா, இதைக் கற்றுக்கொண்டால் கிரீன் ஸ்கிரீன் வேண்டாமா?

வேண்டும். கிரீன் ஸ்கிரீன் என்பது எழுத்து மட்டும் தெரியும் பழைய மெயின்பிரேம் திரை. அதில் உள்ள ஐஎஸ்பிஎஃப் மெனுவில் 3.4 போட்டு டேட்டாசெட் பட்டியலைப் பார்க்க, எஸ்டிஎஸ்எஃப்பில் ஜாப் அவுட்புட்டைப் பார்க்கத் தெரிந்திருக்கவேண்டும். இரவு 2 மணிக்கு பேட்ச் ஜாப் விழுந்து, ஜெட்ஓஎஸ்எம்எஃப்பும் எழுந்திருக்காத நேரத்தில் அந்தத் திரை ஒன்றுதான் துணை. ஆனால் புரோகிராம் எழுத, தேட, இரண்டு கோப்புகளை ஒப்பிட, எக்ஸ்ப்ளோரரின் வசதி கிரீன் ஸ்கிரீனில் வராது. எழுதுவதற்கு இது, நெருக்கடிக்கு அது என்று இரண்டையும் கையில் வைத்திருப்பவருக்குத்தான் டீமில் மதிப்பு.

எங்கள் கல்லூரியில் மெயின்பிரேம் கிடையாது. பழகுவது எப்படி?

ஐபிஎம் நடத்தும் ஜெட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சித் தளம் இருக்கிறது. பதிவு செய்தால் நிஜமான ஜெட்ஓஎஸ் (மெயின்பிரேமின் இயங்குதளம்) கணினியில் உங்கள் பெயருக்கு ஒரு யூசர் ஐடி கொடுப்பார்கள். பாடங்களே விஎஸ் கோட்டிலும் ஜோவி எக்ஸ்ப்ளோரரிலும்தான் நடக்கும். குடியாத்தத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாதாரண லேப்டாப்பில் செய்யலாம். இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. இதற்கென்று பணம் கட்டிச் சேருவதற்கு முன்னால் இதை ஒரு மாதம் செய்து பாருங்கள்.

மெயின்பிரேமைப் போல நடிக்கும் ஹெர்குலிஸ் எமுலேட்டரில், ஜெட்ஓஎஸ்ஸின் முன்னோடியான பழைய எம்விஎஸ் 3.8-ஐ ஓட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஜேசிஎல் (ஜாப்பை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் மொழி) பழக அது நல்லது. ஆனால் அந்தக் காலத்து எம்விஎஸ்ஸில் ஜெட்ஓஎஸ்எம்எஃப் கிடையாது, ஆகவே எக்ஸ்ப்ளோரரை அதனுடன் அப்படியே இணைக்க முடியாது.

புரொஃபைல் உருவாக்கும்போது என்ன கொடுக்கவேண்டும்?

புரொஃபைல் என்பது எக்ஸ்ப்ளோரர் மெயின்பிரேமோடு இணைவதற்கான விவரம்: ஹோஸ்ட் பெயர், போர்ட் எண், யூசர் ஐடி, பாஸ்வேர்டு. போர்ட் பொதுவாக 443, சில இடங்களில் 10443. ஜோவியின் ஏபிஐ கேட்வே வழியாகப் போனால் 7554 என்று சொல்வார்கள். ஊகித்து நிரப்பாமல் உங்கள் சிஸ்டம்ஸ் டீமிடம் கேட்டு வாங்குங்கள்.

இவை எல்லாம் ஒரு ஜேசன் கோப்பில் உட்காரும். அதை டீம் முழுக்கப் பகிர்ந்துகொள்ளலாம். யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் மட்டும் பொதுவாக அந்தக் கோப்பில் எழுதப்படாமல் உங்கள் கணினியின் பாதுகாப்புப் பெட்டகத்துக்குப் போய்விடும். சான்றிதழ் சரியில்லை என்று இணைப்பு மறுக்கப்பட்டால், சரிபார்ப்பை அணைக்கும் ஒரு தேர்வு அதே கோப்பில் இருக்கிறது. பயிற்சி கணினிக்கு அது போகட்டும். வாடிக்கையாளர் கணினிக்கு அப்படிச் செய்யாதீர்கள், சரியான சான்றிதழைக் கேட்டு நிறுவுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் என் ஐடியே ரிவோக் ஆகிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லையே?

நீங்கள் செய்யவில்லை, பெட்டகத்தில் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டு செய்தது. கிரீன் ஸ்கிரீனில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், அது பழையதை வைத்தே உள்ளே போகப் பார்க்கும். டேட்டாசெட் பட்டியலை விரித்தால் ஒரு முயற்சி, ஜாப் பட்டியலை விரித்தால் இன்னொன்று. யாருக்கு என்ன அனுமதி என்று பார்க்கும் ராக்எஃப்பில் உங்கள் நிறுவனம் வைத்திருக்கும் எண்ணிக்கை தாண்டியதும் ஐடி பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு மாற்றிய அன்றைக்கு முதல் வேலையாக, வேறு எதையும் விரிப்பதற்கு முன், புரொஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து புதிய பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுங்கள்.

போல்டர் எங்கேயுமே காணோமே?

இருந்தால்தானே காணமுடியும். ஜெட்ஓஎஸ்ஸின் டேட்டாசெட் உலகில் போல்டர் என்பதே இல்லை. புள்ளி வைத்த பெயர்கள்தான் உண்டு. காட்பாடி ஸ்டேஷனின் குறியீடான கேபிடி-யை எடுத்துக்கொண்டு நாங்கள் வகுப்பில் வைக்கும் பெயர் இது: கேபிடி01.டிரெய்ன்.கோபோல். கணினியில் இதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்கவேண்டும். புள்ளிகளுக்கு நடுவில் உள்ள ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 8 எழுத்து, புள்ளிகளையும் சேர்த்து முழுப் பெயர் 44 எழுத்துக்குள். துண்டின் முதல் எழுத்து எண்ணாக இருக்கக்கூடாது.

இங்கே டிரெய்ன் என்பது கேபிடி01-க்குள் இருக்கும் ஒரு அறை என்று நினைத்தால் தவறு. முழுப் பெயரும் சேர்ந்து ஒரே டேட்டாசெட். அதே பெயரில் தொடங்கும் கேபிடி01.டிரெய்ன்.ஜேசிஎல் வேறு டிஸ்கில் உட்கார்ந்திருக்கலாம். எது எங்கே என்பதைக் கேட்டலாக் பார்த்துக்கொள்கிறது. ஆகவே ஒன்றை இழுத்து இன்னொன்றுக்குள் போடுவது, மேலே உள்ளதை அழித்தால் கீழே உள்ளது எல்லாம் போவது என்ற கணக்கே இங்கு கிடையாது.

பட்டியலில் டேட்டாசெட்டுகளை வரவழைக்க, புரொஃபைலுக்குப் பக்கத்தில் உள்ள பூதக்கண்ணாடியைத் தட்டித் தேடல் வடிவம் கொடுக்கவேண்டும். கேபிடி01.* என்பது போல. முதல் துண்டை முழுதாகக் கொடுங்கள். பெரிய நிறுவனத்தில் வெறும் நட்சத்திரத்தோடு தேடினால் கேட்டலாக் முழுவதையும் புரட்டச் சொல்வதாகிவிடும், பதில் வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும். தினம் தேடுவதை ஃபேவரிட்டில் சேர்த்துவிட்டால் அடுத்த நாள் அடிக்கவேண்டிய அவசியமில்லை.

டேட்டாசெட்டை விரித்ததும் உள்ளே சிறு சிறு பெயர்கள் வருகிறதே, அது?

அவை மெம்பர்கள். பிடிஎஸ் எனப்படும் பகுத்த டேட்டாசெட்டுக்குள் ஒரே ஒரு அடுக்குதான், அதற்குள் இன்னொரு அடுக்கு வைக்க முடியாது. மெம்பர் பெயரும் 8 எழுத்துதான். வால் பகுதியில் டாட் போட்டு நீட்டிப்பெயர் கொடுக்க வழியில்லை. இது கோபோல் மொழிப் புரோகிராமா, ஜேசிஎல்லா என்பதை டேட்டாசெட்டின் கடைசித் துண்டைப் பார்த்துத்தான் ஆளும் அறிகிறார், எடிட்டரும் ஊகிக்கிறது. அதனால் கடைசித் துண்டைக் கோபோல், ஜேசிஎல், காப்பி என்று ஒழுங்காக வையுங்கள், வண்ணங்கள் தானாக வரும்.

புது டேட்டாசெட் உருவாக்கும்போது ரெக்எஃப்எம், எல்ரெக்ல், பிளாக்சைஸ் என்று கேட்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள். மெயின்பிரேமை மற்ற கணினிகளிலிருந்து பிரிக்கும் கோடு இந்த இடத்தில்தான் இருக்கிறது.

லேப்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு என்பது பைட்டுகளின் நீண்ட ஓட்டம். வரி எங்கே முடிகிறது என்பதை ஒரு மறைவான எழுத்து சொல்கிறது. டேட்டாசெட்டில் அந்த எழுத்து இல்லை. அதற்குப் பதில், ஒவ்வொரு ரெக்கார்டும் இத்தனை பைட் என்று பிறக்கும்போதே எழுதிவைத்துவிடுகிறார்கள். ரெக்எஃப்எம் (ரெக்கார்டின் வகை) எஃப்பி, எல்ரெக்ல் (ரெக்கார்டின் நீளம்) 80 என்றால் ஒவ்வொரு வரிக்கும் சரியாக 80 பைட். நீங்கள் 5 எழுத்து அடித்தாலும் மீதி 75 இடத்தை வெற்றிடத்தால் நிரப்பிவிடும். 80 என்ற எண் துளை அட்டைக் காலத்திலிருந்து வருகிறது, அன்றைய அட்டையில் 80 நெடுவரிசைகள். கோபோல் சோர்ஸும் ஜேசிஎல்லும் இன்றைக்கும் அந்த அகலத்தில்தான் வாழ்கின்றன. விபி என்றால் ரெக்கார்டு நீளம் மாறலாம், ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் தன் நீளத்தைச் சொல்லும் 4 பைட் இருக்கும், அதையும் சேர்த்துத்தான் எல்ரெக்ல் கணக்கு.

பிளாக்சைஸ் என்பது டிஸ்கில் ஒருமுறைக்கு எவ்வளவு எழுதுவது என்பது. 3390 வகை டிஸ்கில் பாதி டிராக்குக்கு 27,998 பைட் வரை கொள்ளும். 80-இன் மடங்காக அதற்குள் அடங்கும் பெரிய எண் 27,920, அதாவது 349 ரெக்கார்டு. இந்த எண்ணைப் பழைய ஜேசிஎல்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். நீங்கள் 0 என்று கொடுத்தாலே சிஸ்டம் இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளும், அதுவே நல்லது.

இடத்தை டிராக்கிலோ சிலிண்டரிலோ கேட்கும். 15 டிராக் ஒரு சிலிண்டர். முதலில் பிரைமரி, அது தீர்ந்தால் செகண்டரி. செகண்டரியை 0 என்று வைத்துவிட்டு, டேட்டாசெட் நிரம்பிவிட்டதே என்று வருவது சனிக்கிழமை வகுப்பில் வழக்கமான ஒன்று.

வகையைக் கேட்கும் பட்டியலில் எக்ஸ்டெண்டட் என்று வருவது பிடிஎஸ்இ. உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குச் சோர்ஸ் வைப்பதானால் அதையே எடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

சேமிக்கச் சேமிக்க இடம் இல்லை என்கிறது. இருப்பதோ கொஞ்சம் மெம்பர்தான்.

பழைய வகை பிடிஎஸ்ஸில் ஒரு மெம்பரைச் சேமிக்கும்போது, பழைய பிரதியின் மேலேயே எழுதப்படுவதில்லை. டேட்டாசெட்டின் கடைசியில் புதிதாக ஒரு பிரதி எழுதப்பட்டு, டைரக்டரி அந்தப் புதிய இடத்தைக் காட்டத் தொடங்கும். பழைய இடம் செத்த இடம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் பாதியில் இறங்கிவிட்டாலும் துண்டு கிடக்கிற வரை அந்த இருக்கையில் யாரும் உட்காருவதில்லையே, அப்படி. மெம்பரை அழித்தாலும் இதே கதை.

கிரீன் ஸ்கிரீனில் ஒருவர் அரைமணி நேரம் எழுதிவிட்டு ஒருமுறை சேமிப்பார். விஎஸ் கோட்டில் வளர்ந்த கை ஒவ்வொரு வரிக்கும் கண்ட்ரோல் எஸ் அடிக்கும். தானாகச் சேமிக்கும் ஆட்டோ சேவ் வசதியையும் போட்டுவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு அடியும் ஒரு முழுப் பிரதி. மதியத்துக்குள் பி37, டி37, இ37 என்று முடியும் ஏதாவது ஒரு இடப் பற்றாக்குறைப் பிழை வந்து நிற்கும்.

உடனடித் தீர்வு கம்ப்ரஸ்: ஐஇபிகாப்பி ஜாப் ஒன்றை ஓட்டினாலோ, ஐஎஸ்பிஎஃப் 3.4 பட்டியலில் அந்தப் பெயருக்கு முன்னால் இசட் அடித்தாலோ செத்த இடம் எல்லாம் திரும்பக் கிடைக்கும். யாரும் அதைப் பயன்படுத்தாத நேரத்தில் செய்யவேண்டும். நிரந்தரத் தீர்வு பிடிஎஸ்இ, அது காலியான இடத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். எப்படியிருந்தாலும் மெயின்பிரேம் வேலைக்கு ஆட்டோ சேவ் வசதியை அணைத்துவிடுங்கள்.

கம்பைல் ஆகிறது, பிழை எதுவும் இல்லை, விடை மட்டும் தப்பு. ஏன்?

முதலில் நெடுவரிசையைப் பாருங்கள். கோபோலில் 1 முதல் 6 வரை வரிசை எண்ணுக்கு. 7-இல் நட்சத்திரம் போட்டால் அது குறிப்பு வரி. 8 முதல் 11 வரை ஏ பகுதி, 12 முதல் 72 வரை பி பகுதி. 73 முதல் 80 வரை கம்பைலர் பார்ப்பதே இல்லை.

ஒரு மாணவியின் புரோகிராமில் நடந்தது இது. நிலுவை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அபராதத்தைக் கூட்டு என்று ஒரு இஃப் வாக்கியம், எண்ட் இஃப் கிடையாது, புள்ளி வைத்துத்தான் முடித்திருந்தார். ஃபீல்டு பெயர்கள் நீளமாக இருந்ததால் அந்த முற்றுப்புள்ளி சரியாக 73-ஆவது இடத்தில் போய் விழுந்தது. திரையில் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. கம்பைலருக்கு அது இல்லவே இல்லை. விளைவு, அடுத்த வரியில் இருந்த மொத்தத்தைக் கூட்டும் கட்டளையும் இஃப்புக்குள் போய்விட்டது. நிலுவை இல்லாத வாடிக்கையாளர் ஒருவர்கூட மொத்தத்தில் சேரவில்லை.

விஎஸ் கோட் செட்டிங்கில் எடிட்டர் ரூலர்ஸ் என்று தேடி 6, 7, 11, 72, 80 என்று கோடுகளைப் போட்டுவிடுங்கள். டேப் கீ அடித்தால் வெற்றிடங்கள் விழும்படி வையுங்கள், டேப் எழுத்து அப்படியே போனால் அந்தப் பக்கம் அது ஒரே ஒரு பைட், நெடுவரிசை எல்லாம் இடம் மாறிவிடும். இஃப்பை எண்ட் இஃப் கொண்டு முடியுங்கள்.

வரி 80-ஐயும் தாண்டினால் சேமிக்கும்போது டிரங்கேஷன் என்று ஒரு செய்தி வரும். அதை மூடிவிட்டு நகராதீர்கள். வரியின் வால் வெட்டுப்பட்டிருக்கலாம் என்று அதற்குப் பொருள். மெம்பரைத் திரும்ப இறக்கி என்ன போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே அடுத்த வேலை.

எழுத்தெல்லாம் கோணல்மாணலாகத் தெரிகிறது.

ஜெட்ஓஎஸ் பெரும்பாலும் எப்சிடிக் குறியீட்டில் எழுத்தைச் சேமிக்கிறது. 1964-இல் ஐபிஎம் சிஸ்டம் 360-ஐ அறிவித்தபோது வந்த முறை. உங்கள் லேப்டாப்பில் பெரிய ஏ எழுத்துக்கு ஹெக்ஸில் 41, எப்சிடிக்கில் சி1. எக்ஸ்ப்ளோரர் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் நடுவில் மொழிமாற்றம் நடக்கிறது.

எப்சிடிக்குக்குள்ளேயே பல பக்கங்கள் உண்டு. அதில் 037, 1047 இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம். ஆங்கில எழுத்தும் எண்ணும் இரண்டிலும் ஒன்றே. சதுர அடைப்புக்குறி மட்டும் ஏமாற்றும்: திறப்பு 1047-இல் ஏடி, 037-இல் பிஏ. சி புரோகிராமில் அர்ரே எல்லாம் குலைந்து தெரிந்தால் இதுதான் காரணம். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, என்கோடிங்கைத் தேர்ந்து திறக்கும் வசதியில் சரியான பக்கத்தைக் கொடுங்கள். தப்பாகத் தெரிகிற நிலையில் சேமித்துவிடாதீர்கள், அந்தத் தப்பு அப்படியே அங்கே பதிந்துவிடும்.

தமிழில் குறிப்பு எழுதலாமா என்று ஒரு தம்பி ஆசையாகக் கேட்டார். இந்த எப்சிடிக் பக்கங்களில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, சேமித்ததும் மாற்றுக்குறிகளாகிப் போய்விடும். யுஎஸ்எஸ் பகுதியில் யுடிஎஃப் 8 கோப்பாக வைத்தால் தமிழ் தங்கும். விளக்கக் குறிப்புகளை அங்கே எழுதுங்கள், நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர் டேட்டா கோப்பைத் திறந்தால் பெயர் தெரிகிறது, தொகை மட்டும் குப்பையாக இருக்கிறதே?

தொகை பேக்டு டெசிமலில் இருக்கும், கோபோலில் காம்ப் 3 என்று எழுதுவது. 12345 என்ற எண் அங்கே 12, 34, 5சி என்று மூன்றே பைட்டில் அடங்கும். கடைசியில் உள்ள சி என்பது கூட்டல் குறி, டி என்றால் கழித்தல். இது எழுத்தே இல்லை என்பது எடிட்டருக்குத் தெரியாது, எழுத்தாக நினைத்து மொழிமாற்றிக் காட்டுகிறது. அப்படியே சேமித்தால் பைட்டுகள் மாறி, அடுத்த ஜாப் எஸ்0சி7 (எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இல்லை என்ற பிழை) என்று விழும்.

டேட்டா கோப்பை எடிட்டரில் மாற்றவே மாற்றாதீர்கள். ஃபைல் மேனேஜர், ஃபைல் எய்ட் போன்ற கருவிகள், ரெக்கார்டின் அமைப்பை எழுதிவைத்த காப்பிபுக்கை வைத்து ஃபீல்டு ஃபீல்டாகக் காட்டும், அதில் செய்யுங்கள். லேப்டாப்புக்கு இறக்குவதானால் பைனரியில் இறக்குங்கள்.

விசாம் என்ற தனிவகைக் கோப்புகள் பட்டியலில் பெயராக வரும், மெம்பர் போல் திறந்து பார்க்க முடியாது. ஐடிகேம்ஸ் புரோகிராமின் ரெப்ரோ கட்டளை மூலம் சீக்வென்ஷியல் (மெம்பர் இல்லாத) டேட்டாசெட்டுக்கு நகலெடுத்துப் பாருங்கள்.

நானும் பக்கத்து சீட் அண்ணாவும் ஒரே மெம்பரைத் திறந்துவிட்டோம். யாருடையது நிற்கும்?

ஐஎஸ்பிஎஃப்பில் ஒருவர் எடிட்டில் திறந்தால் இன்னொருவருக்கு அது பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லிவிடும். எக்ஸ்ப்ளோரரில் நீங்கள் திறந்து வைத்திருப்பதால் மட்டும் யாருக்கும் பூட்டு விழாது. சேமிக்கும் நொடியில்தான் சரிபார்ப்பு. நீங்கள் இறக்கியபோது ஈடேக் என்று ஒரு அடையாளம் கூடவே வந்திருக்கும். இடையில் அண்ணா சேமித்திருந்தால் அங்கே அடையாளம் மாறியிருக்கும், உங்கள் சேமிப்பு நின்றுவிடும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இரண்டு பிரதியும் திறக்கும்.

அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஓவர்ரைட் கொடுத்தால் அண்ணாவின் வேலை போய்விடும். வரி வரியாகப் பார்த்து, இரண்டு பேர் மாற்றத்தையும் சேர்த்து, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சேமியுங்கள்.

திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை.

ராக்எஃப்பில் உங்களுக்கு ரீட் மட்டும் கொடுத்திருப்பார்கள். மெம்பரை மாற்ற அப்டேட் வேண்டும், டேட்டாசெட்டையே அழிக்க ஆல்டர் வேண்டும். 913 என்ற எண் பிழையில் தெரிந்தால் இதுதான். எந்த டேட்டாசெட், எந்த அனுமதி, எதற்காக என்று எழுதிக் கேளுங்கள். புரொடக்ஷன் டேட்டாசெட்டுக்கு அப்டேட் கேட்காதீர்கள், கொடுக்கவும் கூடாது.

தெரியாமல் டெலீட் செய்துவிட்டேன். ரீசைக்கிள் பின் எங்கே?

இல்லை. உறுதியா என்று ஒருமுறை கேட்கும், ஆம் என்றால் போனது போனதுதான். டிஸ்க் இடத்தைப் பராமரிக்கும் எச்எஸ்எம் இரவில் பேக்கப் எடுத்து வைத்திருந்தால் அதிலிருந்து மீட்கலாம், ஆனால் அது நேற்றைய பிரதி, இன்று காலை எழுதியது அதில் இருக்காது. உடனே ஸ்டோரேஜ் டீமிடம் பெயரையும் நேரத்தையும் சொல்லுங்கள். பயந்துகொண்டு மாலை வரை மறைத்து வைத்தால், அடுத்த பேக்கப் சுழற்சியில் உள்ள வாய்ப்பும் குறையும். விஎஸ் கோட்டில் அந்த மெம்பர் இன்னும் திறந்த நிலையில் இருந்தால் அதை மூடாமல், உள்ளடக்கத்தை நகலெடுத்து வேறு கோப்பில் வையுங்கள். பலருக்கு அதுவே கைகொடுத்திருக்கிறது.

சில டேட்டாசெட்டுகளுக்கு வேறு மாதிரி ஐகான், திறக்கவும் மாட்டேன் என்கிறது.

மைக்ரேட் ஆகியிருக்கும். பல நாள் யாரும் தொடாததை எச்எஸ்எம் டேப்புக்கோ மலிவான டிஸ்குக்கோ நகர்த்திவிடும். ரைட் கிளிக்கில் ரீகால் கொடுத்துக் காத்திருங்கள். டேப்பிலிருந்து வர நேரமாகும், திரும்பத் திரும்ப அழுத்தவேண்டாம்.

ஜாப் அனுப்புவது?

ஜேசிஎல் மெம்பரின் மேல் ரைட் கிளிக், சப்மிட் ஜாப். ஒரு ஜாப் எண் வரும், அதைத் தட்டினால் ஜாப் பட்டியலில் விரியும். சிசி 0000 என்றால் நல்லபடி முடிந்தது. 0004 என்றால் எச்சரிக்கை, படிக்காமல் விடாதீர்கள். அப்எண்ட் (பாதியில் விழுந்தது), ஜேசிஎல் எரர் என்றால் ஜாப்களை நடத்தும் ஜேஇஎஸ்ஸின் மெசேஜ் பகுதியை முதலில் திறங்கள். ஜாப்பின் அவுட்புட் சேரும் ஸ்பூல் கோப்பை இங்கே சாதாரண டெக்ஸ்ட் போலத் தேடலாம், நீண்ட அவுட்புட்டில் ஒரு வாடிக்கையாளர் எண்ணைத் தேடும்போது இதன் அருமை தெரியும். உங்கள் ஓனர் பெயரோடு வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஊரார் ஜாப் எல்லாம் வந்து விழாது.

யுஎஸ்எஸ் பட்டியல் எதற்கு?

ஜெட்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் யூனிக்ஸ். போல்டர், சிறிய எழுத்துப் பெயர், நீட்டிப்பெயர் எல்லாம் இங்கே உண்டு. ஜாவா, பைத்தான், ஜோவியின் சர்வர் பகுதி எல்லாம் இங்கேதான் வசிக்கின்றன. கோப்புக்கு என்ன குறியீடு என்ற முத்திரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மீதி உங்களுக்குப் பழக்கமானதே.

நான் திறக்கும் கோப்பு என் லேப்டாப்பில் தங்குமா?

பழைய பதிப்புகளில் திறந்த ஒவ்வொன்றுக்கும் லேப்டாப்பில் ஒரு தற்காலிகப் பிரதி விழும். 3-ஆம் பதிப்பில் அதை மாற்றி, மெய்நிகர் கோப்பு முறையில் காட்டுகிறார்கள். ஆனால் டவுன்லோடு என்று நீங்களே இறக்கினால் அது லேப்டாப்பில்தான் இருக்கும். வாடிக்கையாளரின் கணக்கு எண்ணும் போன் எண்ணும் உள்ள கோப்பை ரயிலில் கொண்டுபோகும் லேப்டாப்பில் வைக்காதீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி ஸ்பூலைத் திறந்து வைப்பதும் வேண்டாம். அந்த வரிகளில் இருப்பது முன்பின் தெரியாத ஒருவருடைய சேமிப்புக் கணக்கு.

ரயிலில் சிக்னல் போய்விடுகிறது. பாதியில் எழுதியது என்னாகும்?

வாலாஜா ரோடு தாண்டி அரக்கோணம் வரும்வரை பலருக்கும் இந்தத் தொல்லை. நீங்கள் அடித்தது விஎஸ் கோட்டின் கையில் இருக்கும், சேமிப்புதான் தோற்கும். இணைப்பு திரும்பியதும் புல் ஃப்ரம் மெயின்பிரேம் என்பதை அழுத்திவிடாதீர்கள், அது அங்கிருக்கும் பிரதியைக் கொண்டுவந்து நீங்கள் எழுதியதை மூடிவிடும். முதலில் முழுவதையும் செலக்ட் செய்து லேப்டாப்பில் ஒரு புதுக் கோப்பில் ஒட்டிவையுங்கள். பிறகு மெம்பரை இறக்கி, இரண்டையும் கம்பேரில் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் மாற்றம் மட்டும்தான் என்றால் சேமியுங்கள். வேறு ஏதாவது தெரிந்தால் அந்த நேரத்தில் இன்னொருவரும் எழுதியிருக்கிறார் என்று பொருள், அலுவலகம் போய்ச் சேர்ந்து அவரைக் கேட்டுவிட்டே கை வையுங்கள்.